எலும்பை அளந்து ஆணா பெண்ணா என்று சொல்வது எப்படி: முதல் அளவிலிருந்து அறிக்கை வரை

தொடை எலும்பின் தலையை, அதாவது இடுப்புக் குழிக்குள் போய் உட்காரும் அந்த உருண்டையை, காலிப்பரில் பிடித்து அளக்கிறீர்கள். 43 மில்லிமீட்டர் வருகிறது. ஆணா, பெண்ணா? அமெரிக்க எலும்புகளை வைத்து டி. டேல் ஸ்டூவர்ட் 1979-ல் கொடுத்த அட்டவணையைத் திறந்தால், 42.5-க்கும் 43.5-க்கும் நடுவில் இருப்பதால் "பெண்ணாக இருக்கலாம்" என்று வரும். இந்திய எலும்புகளை அளந்து செய்த ஆய்வுகள் பலவற்றில் இதே 43 ஆண் பக்கம்தான் சாயும். எலும்பும் மாறவில்லை, அளவும் மாறவில்லை, பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆட்கள் மட்டும்தான் மாறியிருக்கிறார்கள்.

அளப்பது எப்படி என்று சொல்லித்தரப் புத்தகங்கள் நிறைய உண்டு. அளந்து முடித்த பிறகு அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது, எப்போது "தெரியவில்லை" என்று எழுதுவது என்பதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அனாடமி, தடயவியல், தொல்லியல் படிக்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வயலிலோ கிணற்றிலோ எலும்பு கிடைத்தால் எடுத்து வந்து அளக்க வேண்டாம், தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

அளக்கும் முன்

முதல் கேள்வி வயது. பருவமடையும் முன் ஆண், பெண் எலும்புக்கூடுகளுக்குள் இருக்கும் வித்தியாசம் மிகச் சிறியது, அதை நம்பி முடிவு சொல்ல முடியாது. அதனால் முதலில் எலும்பின் நுனிகளைப் பாருங்கள். ஃபீமரின், அதாவது தொடை எலும்பின், தலை கழுத்தோடு முழுதாக ஒட்டியிருக்கிறதா, முட்டிப் பக்கத்து நுனி தண்டோடு சேர்ந்துவிட்டதா, இல்லை இன்னும் கோடு போல இடைவெளி தெரிகிறதா? ஒட்டவில்லை என்றால் ஆள் வளர்ந்துகொண்டிருந்தவர். பதினைந்து வயதுப் பையனின் எலும்பை வளர்ந்தவர்களின் அட்டவணையில் போட்டால் பெண் என்று வர நல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்து, மேசையில் இருப்பது ஒரே ஆள்தானா? இரண்டு இடது ஃபீமர் இருந்தால் சந்தேகமே இல்லை, இரண்டு பேர். ஒன்று இடது, ஒன்று வலது என்று இருந்தாலும் நீளமும் தலையின் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒரே ஆள் என்று எழுத வேண்டும்.

மூன்றாவது, பலர் சிரித்துவிட்டுத் தாண்டிப்போவது: காதை மூடிக்கொள்ளுங்கள். எலும்போடு சேர்ந்து வரும் கதையைக் கேட்காதீர்கள். சுவீடனில் பிர்கா என்ற வைக்கிங் காலத்து ஊரில் 1878-ல் ஹ்யால்மர் ஸ்டோல்ப்பே ஒரு கல்லறையைத் தோண்டினார். பிஜே 581 என்பது அதன் எண். வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், கேடயங்கள், கூடவே இரண்டு குதிரைகள். இவ்வளவு இருந்தால் யாராக இருக்கும்? ஆண், போர்வீரன் என்று எழுதினார்கள், அது நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றது. 1970-களிலேயே எலும்பைப் பார்த்த ஒருவர் பெண் போலிருக்கிறதே என்றார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மறுபடி பார்த்தபோது இடுப்பெலும்பின் பள்ளம் அகலமாக இருந்தது, கைகால் எலும்புகள் மெலிந்திருந்தன, கீழ்த்தாடையில் முகவாய் துருத்தவில்லை. 2017-ல் டிஎன்ஏ முடிவு வெளியானது, எக்ஸ் எக்ஸ், அதாவது பெண். எலும்பு முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, பார்த்தவர்களின் கண் வாளின் மேல் இருந்தது.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1823-ல் வேல்ஸின் பேவிலாண்ட் குகையில் வில்லியம் பக்லாண்ட் கண்டெடுத்த செங்காவி பூசிய எலும்புக்கூட்டை, கூடவே இருந்த தந்தத்தாலான நகைகளைப் பார்த்துப் பெண் என்று முடிவுகட்டினார், 'சிவப்புச் சீமாட்டி' என்று பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆள் ஓர் இளைஞன். ஆகவே, முடிந்தால் எலும்புக்கு ஓர் எண் மட்டும் கொடுத்து, எங்கே, எதோடு கிடைத்தது என்று தெரியாத ஒருவரை அளக்கச் சொல்லுங்கள்.

கருவியும் கையும்

மூன்று சாமான் போதும். சறுக்கும் காலிப்பர் (டிஜிட்டல் என்றால் வசதி, ஆனால் தினமும் பூஜ்யம் சரிபார்க்க வேண்டும்), நீள எலும்புகளுக்கான ஆஸ்டியோமெட்ரிக் போர்டு, சுற்றளவு எடுக்க நீளாத டேப். தையல் டேப் வேண்டாம், நாள்பட இழுபடும். எலும்பில் மண், மெழுகு, வார்னிஷ் ஒட்டியிருந்தால் அளக்கும் இடத்தை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். கல்லூரியில் கைமாறிக் கைமாறி வரும் பழைய எலும்புப் பெட்டிகளில் வார்னிஷ் ஓர் அடுக்காகவே படிந்திருக்கும், அது காலிப்பருக்குத் தெரியும்.

இடது பக்க எலும்பை அளப்பதுதான் வழக்கம். இல்லாவிட்டால் வலது, ஆனால் எது என்று குறித்துவையுங்கள்.

ஃபீமர் தலையையே எடுத்துக்கொள்வோம், கொஞ்சம் நிதானமாக. எலும்பை இடது கையில் தண்டைப் பிடித்து நிறுத்துங்கள். காலிப்பரின் இரண்டு தாடைகளையும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கம் வைத்து லேசாக மூடுங்கள், அழுத்தக் கூடாது. இப்போது காலிப்பரைப் பிடித்தபடியே எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றுங்கள். எண் ஏறும், ஒரு இடத்தில் நிற்கும், பிறகு இறங்கும். அந்த உச்சிதான் அதிகபட்ச விட்டம். உருண்டையின் நடுவில் தசைநார் ஒட்டும் சிறு குழி ஒன்று உண்டு, தாடை அதற்குள் இறங்கிவிட்டால் அளவு குறைந்துவிடும். ஒருமுறை இரண்டு மாணவர்கள் ஒரே எலும்பை அளந்து 44, 42 என்று எழுதிவைத்திருந்தார்கள். இரண்டாவது ஆளின் காலிப்பர் குழிக்குள் உட்கார்ந்திருந்தது. 2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆணின் சராசரிக்கும் பெண்ணின் சராசரிக்கும் நடுவே இருப்பதே நாலைந்து மில்லிமீட்டர்தான்.

அதனால் ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுங்கள், முந்தைய எண்ணைப் பார்க்காமல். ஒரு வாரம் கழித்துப் பத்திருபது எலும்புகளை மறுபடி அளந்து உங்கள் பிழை எவ்வளவு என்று கணக்கிடுங்கள்: ஒவ்வொரு எலும்புக்கும் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, எலும்புகளின் எண்ணிக்கையின் இரண்டு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வருவது உங்கள் கைப்பிழை. அது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் எலும்பை விட்டுவிட்டு முதலில் கையைப் பழக்குங்கள்.

இடுப்பெலும்பிலிருந்து தொடங்குங்கள்

பலர் மண்டையோட்டைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள், பார்க்க அதுதான் கம்பீரம். தப்பு. பிள்ளை பெறும் வழி இடுப்புக்குள் இருப்பதால் ஆண், பெண் வித்தியாசம் வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை. மற்ற எலும்புகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் 'பெரிது, சிறிது' மட்டும்தான். இடுப்பில் உருவமே வேறு.

பெண்ணுக்கு முன்பக்கத்து பியூபிஸ் எலும்பு நீளம். இதை எண்ணாக்க எஸ். எல். வாஷ்பர்ன் 1948-ல் ஓர் எளிய வழி சொன்னார்: பியூபிஸின் நீளத்தை நூறால் பெருக்கி இஸ்கியத்தின் (உட்காரும்போது எடை விழும் கீழ்ப்பகுதி எலும்பு) நீளத்தால் வகுப்பது. அமெரிக்க வெள்ளையரில் 95-க்கு மேல் பெண், 90-க்குக் கீழ் ஆண். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் 88-க்கு மேல் பெண், 84-க்குக் கீழ் ஆண். ஒரே நாட்டுக்குள்ளேயே கோடு இவ்வளவு நகர்கிறது, கவனியுங்கள். 89 வந்தால் ஒரு வரிசையில் ஆண், இன்னொன்றில் பெண்.

இந்தக் குறியீட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. இரண்டு நீளமும் தொடங்க வேண்டிய இடம் இடுப்புக் குழிக்குள் பியூபிஸ், இஸ்கியம், மேலே இறக்கை போல விரியும் இலியம் என்ற மூன்று எலும்புகளும் சந்திக்கும் புள்ளி. குழந்தையில் அது பளிச்சென்று தெரியும். வளர்ந்தவரில் எல்லாம் ஒன்றாகக் கலந்து போய், நீங்கள் ஒரு இடத்தைக் காட்டுவீர்கள், நான் ஒரு இடத்தைக் காட்டுவேன். அதனால் இன்றைக்கு இதைக் கற்றுக்கொள்ளப் பயன்படுத்துங்கள், முடிவு சொல்ல வேண்டாம்.

முடிவு சொல்ல டிஎஸ்பி என்ற முறை இருக்கிறது. முராய், ப்ரூஷெக் குழுவினர் 2005-ல் கொண்டுவந்தது, 2017-ல் புதுப்பித்தார்கள். நான்கு கண்டங்களைச் சேர்ந்த 12 தொகுப்புகளிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடுப்பெலும்புகளை அளந்து கட்டியது. மொத்தம் பத்து அளவுகள், அவற்றில் குறைந்தது நான்கு கிடைத்தால் போதும். குழியின் விளிம்பிலிருந்தே தொடங்கும் பியூபிஸ் நீளம், இடுப்பெலும்பின் முழு உயரம், இலியத்தின் அகலம், பின்பக்கப் பள்ளத்தின் உயரம் என்று போகும். எண்களை இட்டால் ஆணாக இருக்கும் வாய்ப்பு, பெண்ணாக இருக்கும் வாய்ப்பு இரண்டையும் தரும், எதுவும் 0.95-ஐத் தாண்டாவிட்டால் முடிவு இல்லை என்று சொல்லிவிடும். எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கடைசி விஷயம்தான். இடுப்பின் உருவ வித்தியாசம் எல்லா மக்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்பதால், ஆள் எந்த ஊர் என்று தெரியாதபோதும் இதைப் பயன்படுத்தலாம்.

அளவோடு கண்ணாலும் பாருங்கள். டி. டபிள்யூ. ஃபெனிஸ் 1969-ல் சொன்ன மூன்று அடையாளங்கள் இன்றும் உழைக்கின்றன: பியூபிஸின் முன்பக்கம் சாய்வாக ஓடும் மெல்லிய வரம்பு, அதற்குக் கீழே இறங்கும் கிளையின் உள்நோக்கிய வளைவு, அந்தக் கிளையின் உள்விளிம்பு கத்தி முனை போலக் கூர்ந்திருப்பது. மூன்றும் இருந்தால் பெண். ஆணில் வரம்பும் வளைவும் இருக்காது, உள்விளிம்பு தட்டையாக அகன்று கிடக்கும்.

ஆனால் புதைந்த எலும்பில் முதலில் நொறுங்குவது இந்த பியூபிஸ்தான். அது போய்விட்டால் பின்பக்கத்து பெரிய பள்ளம், சயாட்டிக் நாட்ச். உங்கள் கட்டைவிரலை அதற்குள் வையுங்கள். விரல் இருபுறமும் தாராளமாக ஆடினால் பெண் பக்கம், விரலைச் சுற்றி இறுக்கமாக இருந்தால் ஆண் பக்கம். இது அறிவியல் அளவு கிடையாது, பழகுவதற்கான வழி, அவ்வளவே. அறிக்கையில் எழுத ஐந்து படி மதிப்பெண் முறை உண்டு, அதைப் போடுங்கள்.

கை, கால் எலும்புகள்

இடுப்பு இல்லையா, அடுத்துப் போக வேண்டியது மண்டையோட்டுக்கு இல்லை, நீள எலும்புகளுக்கு. ஸ்ப்ராட்லியும் ஜான்ட்ஸும் 2011-ல் இதை ஒப்பிட்டுக் காட்டினார்கள், கழுத்துக்குக் கீழே உள்ள எலும்புகளின் அளவுகள் மண்டையோட்டை வென்றன. நீளத்தைவிட மூட்டுகளின் அகலம் நன்றாகப் பிரிக்கும்: ஃபீமர் தலையின் விட்டம், முட்டிப் பக்கத்து அகலம், ஹியூமரஸ் (மேல்கை எலும்பு) தலையின் நெட்டுக்குத்து விட்டம், டிபியாவின் (கணுக்கால் வரை வரும் முன்கால் எலும்பு) மேல்நுனி அகலம். குட்டையான ஆண், நெட்டையான பெண் எங்கும் உண்டு, ஆனால் எடையைத் தாங்கும் மூட்டு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

இப்போது கணக்கு. எண்கள் புரிவதற்காக நானே போட்டவை, எங்கும் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். ஒரு மக்களில் ஆண்களின் சராசரி 45, பெண்களின் சராசரி 40, இருவருக்கும் திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் கணக்கு) 2.5 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 42.5-ல் ஒரு கோடு போட்டு, மேலே ஆண், கீழே பெண் என்றால், நூற்றில் ஏறக்குறைய 84 சரியாக வரும், 16 தப்பாகப் போகும். எல்லா எலும்புக்கும் பதில் கிடைக்கும், ஆனால் ஆறில் ஒன்று பொய்.

இந்திய அனாடமி துறைகளில் வேறொரு வழக்கம் உண்டு. 1966-ல் ஜித், சிங் இருவரும் காறை எலும்புகளை அளந்து எழுதியதிலிருந்து பரவிய 'டிமார்க்கிங் பாயின்ட்'. ஆண்களின் சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கம் கழியுங்கள், 37.5. அதற்குக் கீழே ஆண் கிட்டத்தட்ட இருக்கவே மாட்டார், ஆக அது பெண். பெண்களின் சராசரியோடு மூன்று திட்டவிலக்கம் கூட்டுங்கள், 47.5. அதற்கு மேல் ஆண். தப்பு ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான். விலை என்ன தெரியுமா? அதே கணக்கில் நூறு எலும்பில் 16-க்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். மீதி 84-ம் நடுவில் தொங்கும்.

எது சரி? எதற்காக அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு இடுகாட்டில் ஆண் பெண் விகிதம் எவ்வளவு என்று பார்க்க நடுக்கோடு போதும். கோர்ட்டில் ஒரே ஒரு எலும்பைப் பற்றிச் சொல்லப்போகிறீர்கள் என்றால் நடுக்கோட்டை நம்பிப் பேசக் கூடாது. பல அளவுகளைச் சேர்த்து ஆண், பெண் இரண்டையும் பிரித்துக் காட்டும் டிஸ்கிரிமினன்ட் சமன்பாட்டில் போட்டால் இரண்டுக்கும் நடுவே நல்ல இடம் கிடைக்கும். அப்போதும் அந்தச் சமன்பாடு எந்த மக்களிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். எலும்பு அளவுகளை இட்டால் ஆணா பெண்ணா என்று கணித்துச் சொல்லும் ஃபோர்டிஸ்க் போன்ற மென்பொருள் எதைக் கொடுத்தாலும் ஒரு பதில் சொல்லும், அதன் நவீன எலும்புத் தரவில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு எலும்பை அதில் இட்டுவிட்டுப் பெண் என்று வந்ததே என்றால் அது மென்பொருளின் குற்றமாகாது.

உயிருள்ளவரின் எக்ஸ்ரேயிலோ, குருத்தெலும்போடு இருக்கும் புதிய உடலிலோ எடுத்த அளவை உலர்ந்த எலும்பின் அட்டவணையில் வைக்காதீர்கள். எரிந்த எலும்பு இன்னும் மோசம். சிதையில் நன்றாக வெந்து வெளுத்த எலும்பு பத்து சதவீதத்துக்கு மேலும் சுருங்கியிருக்கலாம், 45 என்பது 40 ஆகிவிடும், நல்ல உடற்கட்டுள்ள ஆணும் பெண்ணாகிவிடுவார்.

மண்டையோடு, சுருக்கமாக

ஐந்து இடங்கள்: பிடரியின் மேடு, காதுக்குப் பின்னால் தொங்கும் கூம்பு, கண்குழியின் மேல்விளிம்பு, புருவங்களுக்கு நடுவே உள்ள புடைப்பு, முகவாய். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், ஒன்று பெண் பக்கம், ஐந்து ஆண் பக்கம். ஃபிலிப் வாக்கர் 2008-ல் இந்த மதிப்பெண்களைச் சமன்பாடுகளாக்கினார். கண்குழியின் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள், கூர்மையாகக் குத்தினால் பெண் பக்கம், பென்சில் போல மழுங்கியிருந்தால் ஆண் பக்கம். இளம் ஆணின் மண்டை பெண்ணுடையது போலவும், வயதான பெண்ணின் மண்டை ஆணுடையது போலவும் தோன்றும், இந்தப் பொறியில் அனுபவசாலிகளும் விழுந்திருக்கிறார்கள். கென்னத் வைஸ் 1972-ல் எழுதியது நினைவிருக்கட்டும்: பழைய எலும்புத் தொகுப்புகளில் ஆண் என்று எழுதப்பட்டவை ஏறக்குறைய 12 சதவீதம் அதிகம். சந்தேகம் வந்தபோதெல்லாம் கை ஆண் பக்கம் போயிருக்கிறது.

அறிக்கையில் என்ன எழுதுவது

முழு எலும்புக்கூட்டில் 100 சதவீதம், இடுப்பு மட்டும் 95, மண்டை மட்டும் 92, இரண்டும் சேர்ந்தால் 98, நீள எலும்புகள் 80 என்று ஒரு வரிசை தமிழ்நாட்டுத் தேர்வுத்தாள் வரை வந்துவிட்டது. அது டபிள்யூ. எம். க்ராக்மன் 750 எலும்புக்கூடுகளைப் பார்த்துத் தன்னைத்தானே சோதித்துக்கொண்ட முடிவு. அந்தத் தொகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பதினைந்து ஆண்கள் என்ற விகிதம் இருந்தது, ஆக சந்தேகம் வந்தால் ஆண் என்று சொன்னாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அவரே இதைச் சொல்லியிருக்கிறார். பரீட்சைக்கு எழுதுங்கள், அறிக்கையில் இந்தச் சதவீதங்களை எடுத்துப் போடாதீர்கள்.

அறிக்கையில் ஐந்து நிலை போதும்: பெண், பெண்ணாக இருக்கலாம், தெரியவில்லை, ஆணாக இருக்கலாம், ஆண். எந்த எலும்பு, எந்தப் பக்கம், எத்தனை அளவுகள், எந்த ஆய்வின் எண்களோடு ஒப்பிட்டீர்கள், வந்த வாய்ப்பு எவ்வளவு, உங்கள் கைப்பிழை எவ்வளவு, எல்லாம் வரட்டும். இடுப்பு ஒன்று சொல்லி மண்டை வேறு சொன்னால் இடுப்பை நம்புங்கள், ஆனால் முரண்பாட்டையும் எழுதுங்கள். சராசரி எடுத்துச் சமாதானம் செய்துவைக்க வேண்டாம். எலும்பு சொல்வது உடலின் பாலை மட்டும்தான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், அந்த ஆள் எப்படி வாழ்ந்தார், தன்னை யாரென்று சொல்லிக்கொண்டார் என்பதற்கு காலிப்பரிடம் பதில் கிடையாது.

எதுவுமே சொல்லவில்லை என்றால்

குழந்தை எலும்பு, நொறுங்கிய இடுப்பு, தாழியில் மாவாகிப்போன எலும்பு, இவற்றுக்கு இப்போது பல் இருக்கிறது. பல் எனாமலை உருவாக்கும் அமெலோஜெனின் என்ற புரதம் எக்ஸ், ஒய் இரண்டு குரோமோசோமிலிருந்தும் வருகிறது, ஆனால் இரண்டும் கொஞ்சம் வேறு வேறு. எனாமலில் ஒய் வகை துண்டு கிடைத்தால் ஆண். எக்ஸ் வகை மட்டும் நல்ல அளவில் கிடைத்து ஒய் இல்லவே இல்லை என்றால் பெண்ணாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். டிஎன்ஏ அழிந்துபோன வெக்கை நிலங்களிலும் எனாமல் தாக்குப்பிடிக்கும்.

ஸ்பெயினில் செவில் நகருக்குப் பக்கத்தில் வாலென்சினாவில் 2008-ல் யானைத் தந்தத்தோடு ஓர் ஆடம்பரமான கல்லறை கிடைத்தது. இடுப்பெலும்பு மோசமான நிலையில் இருந்தது, இருந்ததை வைத்து இளம் ஆண் என்றார்கள். 2023-ல் பல் எனாமலைச் சோதித்ததில் பெண் என்று தெரிந்தது.

ஆகவே அளக்கும் மேசையில் பல் கிடைத்தால் ஆசிட் போட்டுச் சுத்தம் செய்வது, பசை போட்டுத் தாடையில் ஒட்டுவது, பளபளவென்று தேய்ப்பது எதுவும் வேண்டாம். கையுறையோடு எடுத்து, காகித உறையில் போட்டு, எலும்புக்குக் கொடுத்த அதே எண்ணை உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.